மணிக்கூடும் கையளிப்பும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காலத்துக் கொழும்பை நோக்குமிடத்து, அதன் தென்புறத்து வெள்ளவத்தையிலே இருவேறு ஒழுங்குகள் அருகருகே இயங்கியமையைக் காணலாம். ஒன்று அங்கெழுந்த நூற்பு நெசவு ஆலை. மற்றது கடலோரமாகச் செல்லும் புகையிரதப் பாதை. அக்கால நூற்பாலைகளில் ஓர் எஞ்சினின் சுழற்சியே நீண்ட தண்டுகள் வழியாகவும் தோற்பட்டிகள் வழியாகவும் எல்லாப் பொறிகளையும் ஒருங்கே இயக்கிற்று. தறியொன்று விரைந்து ஓட வல்லதாயினும் தண்டின் வேகத்தை மிஞ்ச அதற்கு இயலாது. வேலையற்று நின்ற தறிக்கு மேலேயும் தண்டு வீணே சுழன்றுகொண்டிருந்தது. புகையிரதப் பாதையிலோ எல்லா வண்டிகளையும் ஒருங்கே இயக்கும் தண்டு எதுவும் இல்லை. ஒரு நிலையத்தார் கேட்க, அடுத்த நிலையத்தார் இசைய, வண்டி அவ்விடைத்தூரத்தைக் கடந்தது. கேள்வியும் இசைவும் அவ்விரு நிலையங்களுக்கு இடையிலேயே முடிந்தன.

வேலை படிப்படியாகக் கைமாறிச் செல்லும் எவ்விடத்திலும் இவ்விரு ஒழுங்குகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டியுள்ளது. இன்றைய கணினிச் சில்லுகளும் இதற்கு விலக்கல்ல. பைப்லைன் என வழங்கும் படித்தொடரில் ஒரு கணிப்பு பல படிகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு படியும் தன் பங்கை முடித்து அடுத்த படிக்கு ஒப்படைக்கின்றது. எப்பொழுது ஒப்படைப்பது என்பதைப் பெரும்பாலான சில்லுகளில் ஒரு பொது மணிக்கூட்டுத் துடிப்பே தீர்மானிக்கின்றது. இது ஆலையின் ஒழுங்கு. மணிக்கூடற்ற சுற்றுகளில் அயற்படிகள் இரண்டும் தமக்குள்ளேயே கேட்டு இசைந்து ஒப்படைத்துக்கொள்கின்றன. இது பாதையின் ஒழுங்கு. பாதையின் ஒழுங்கு விரைவிலும் வலுச் சிக்கனத்திலும் மேம்பட வல்லதென்பது பன்முறை மெய்ப்பிக்கப்பட்டும், ஆலையின் ஒழுங்கே ஏன் ஆட்சி பெற்றது என்னும் வினா பொறியியலுக்கு மட்டுமன்றி வரலாற்றுக்கும் உரியதாகும்.

புகையிரதமும் தொடக்கத்தில் மணிக்கூட்டையே நம்பிற்று. பிரித்தானியாவின் ஆரம்பகாலப் பாதைகளில் ஒரு வண்டி சென்றபின் இத்தனை நிமிடங் கழித்து அடுத்ததை அனுப்பலாம் என்னும் கால இடைவெளி முறையே வழக்கிலிருந்தது. முன்சென்ற வண்டி வழியில் நின்றுவிட்டால் பின்வரும் வண்டிக்கு அதனை அறிவிக்க மணிக்கூட்டால் முடியாது. 1889ஆம் ஆண்டு யூன் 12ஆந் திகதி வட அயர்லாந்தின் ஆர்மாவுக்கு அருகே இதன் விளைவு கொடூரமாக வெளிப்பட்டது. ஏற்றத்தில் ஏற முடியாது நின்ற உல்லாசப் பயண வண்டியின் பிற்பகுதி கழற்றப்பட்டுப் பின்னோக்கி உருண்டு, குறித்த இடைவெளி கழித்து முறைப்படியே அனுப்பப்பட்டிருந்த அடுத்த வண்டியுடன் மோதிற்று. சிறுவர் பலர் உட்பட ஏறத்தாழ 80 பேர் மாண்டனர். மணிக்கூட்டை யாரும் மீறவில்லை என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. அவ்வாண்டிலேயே, ஒரு பகுதியில் ஒரு நேரத்தில் ஒரு வண்டியே இருக்கலாம் என்னும் பகுதி முறையைப் பயணிகள் பாதைகளிற் கட்டாயமாக்கும் சட்டம் பிரித்தானியாவில் நிறைவேறிற்று.

ஒற்றைப் பாதையின் இடர் வேறு. அங்கு எதிரெதிராகவும் வண்டிகள் வரலாம். 1874 செத்தெம்பர் 10ஆந் திகதி இங்கிலாந்தின் நோரிச் நகருக்கு அருகே தோர்ப் என்னுமிடத்தில், கையொப்பமிடப்படாத ஒரு தந்திச் செய்தி அனுப்பப்பட்டுவிட்டமையால் இரு வண்டிகள் நேருக்கு நேர் மோதின. தந்தியை மட்டும் நம்பினால் மனிதத் தவறு புகுந்துவிடும் என்பதைக் கண்ட எட்வேட் ரயர் என்னும் பொறியியலாளர், 1878இல் இசைவையே ஒரு பொருளாக வடித்தார். புகையிரத ஊழியர் 'டப்லெட்' என்று வழங்கும் உலோக வில்லையே அப்பொருள்.

பகுதியின் இரு முனை நிலையங்களிலும் ஒவ்வொரு பொறி இருக்கும். இரண்டும் மின்கம்பியால் இணைந்திருக்கும். வண்டியை அனுப்ப விரும்பும் நிலைய அதிபர் மணியொலிக் குறியால் மறுமுனையைக் கேட்பார். மறுமுனையில் உள்ளவர் இசைந்து தம் பொறியின் விசையை அழுத்தினாலன்றி இவருடைய பொறியின் இழுப்பறை திறவாது. இருவரும் ஒத்தால் ஒரு வில்லை வெளிவரும். அது வெளிவந்த கணமே இரு பொறிகளும் பூட்டிக்கொள்ளும். வண்டி மறுமுனையை அடைந்து, அவ்வில்லை அங்குள்ள பொறியில் மீள இடப்படும்வரை எம்முனையிலும் இன்னொரு வில்லையை எடுக்க இயலாது. சாரதியின் கையில் வில்லை இருப்பின் பாதை அவருடையது. இல்லையேல் வண்டியை நகர்த்த அவருக்கு உரிமையில்லை. இவ்வேற்பாட்டில் எந்த இடத்திலும் நேரம் ஒரு கூறாக வரவில்லை. வண்டி பத்து நிமிடத்திற் கடந்தாலும் பத்து மணித்தியாலத்திற் கடந்தாலும் பாதுகாப்பு ஒன்றே.

இலங்கையின் முதற் புகையிரதம் 1864 திசெம்பர் 27ஆந் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை ஓடிற்று. 1867இற் பாதை கண்டியை எட்டியது. கரையோரப் பாதை வெள்ளவத்தையைக் கடந்து 1877இற் பாணந்துறையையும், 1894இற் காலியையும், மறு ஆண்டில் மாத்தறையையும் அடைந்தது. மலையகப் பாதை 1885இல் நானுஓயாவுக்கும் 1924இற் பதுளைக்கும் ஏறிற்று. செங்குத்தான மலைச் சரிவிலே மழையும் மண்சரிவும் வண்டியின் வேகத்தை நாளுக்கொரு விதமாக மாற்றும் இவ்வொற்றைப் பாதையில், ரயரின் முறை இந்த நூற்றாண்டிலும் நிலைத்திருப்பது வியப்பன்று. வில்லையைத் தாங்கிய வளையத்தை ஓடும் வண்டியிலிருந்தே சாரதியின் உதவியாளர் கைநீட்டி வாங்கும் காட்சியை நானுஓயாப் பக்கம் சென்றோர் கண்டிருப்பர். கொழும்பை அண்டிய இரட்டைப் பாதையில் நிறவிளக்குச் சமிக்ஞைகள் வந்துவிட்டன. ஆயினும் முன்னுள்ள பகுதி வெறுமையானாலன்றி உட்செல்லலாகாது என்னும் விதி வெள்ளவத்தை மேடைக்கும் பொதுவானதே.

கேட்டலும் இசைதலும் சேர்ந்தே ஒரு கையளிப்பாகும் என்பது இங்கு முதன்மையான கருத்து. 1850இல் 'ஒப்சேவர்' பத்திரிகை காலிக்குக் கப்பலில் வந்த செய்திகளைப் புறாக்கள் மூலம் கொழும்புக்குப் பெறத் தொடங்கிற்று. புறா செய்தியைக் கொணரும். அது சேர்ந்ததென்று அனுப்பியவருக்கு அறிவிப்பார் யாருமிலர். 1858இற் கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்தி இணைப்பு ஏற்பட்ட பின்னரே போன செய்திக்கு மறுமொழி உடன் வரலாயிற்று. கொட்டாஞ்சேனைத் தொழிலாளர் பலர் உழைத்த துறைமுகத்திலும், கப்பலிலிருந்து வள்ளத்துக்கும், வள்ளத்திலிருந்து கரைக்கும், கரையிலிருந்து பண்டசாலைக்கும் மூட்டைகள் சென்றமை இத்தகைய படித்தொடரே. பண்டசாலை வாசலில் நெருக்கடி ஏற்படின் வள்ளம் காத்திருக்கும். அது நீங்கியதும் ஓட்டம் தானே தொடரும். செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி நோக்கி வரும் ஆடிவேற் பவனியும் அவ்வாறே. ஒவ்வொரு வாசலிலும் அர்ச்சனை முடிந்தாலன்றித் தேர் நகராது. கோட்டை மணிக்கூட்டுக் கோபுரம் என்ன காட்டினும் தேருக்கு அதனாற் கவலையில்லை.

அம்மணிக்கூட்டுக் கோபுரத்தையும் இங்கு மறந்துவிடலாகாது. தேசாதிபதி வார்டின் துணைவியார் வரைந்த அமைப்பின்படி 1857இற் கட்டி முடிக்கப்பட்ட அக்கோபுரம், 1867 முதல் 1952 வரை கலங்கரை விளக்காகவும் பணிபுரிந்தது. 1906 வரை இலங்கையின் நேரம் கிரீனிச்சுக்கு 5 மணி 19 நிமிடம் 32 செக்கன் முந்தியது. அவ்வாண்டு முதல் ஐந்தரை மணியாயிற்று. இருபத்தெட்டுச் செக்கனையும் பத்து நிமிடத்தையும் ஒரு நாளிற் சேர்க்க அரசாணை ஒன்று போதியதாயிருந்தது.

கணினியின் வரலாற்றிலும் தொடக்கத்தில் இரு ஒழுங்குகளும் ஒருங்கே இருந்தன. பிரின்ஸ்ரன் உயர்கல்வி நிறுவகத்திலே வொன் நோய்மனின் தலைமையில் உருவாகி 1952இற் செயற்பட்ட கணினி பொது மணிக்கூடின்றியே இயங்கியது. ஒரு செய்கை முடிந்தமை அடுத்ததைத் தொடக்கி வைத்தது. அதன் வழிவந்த இலினோய்ப் பல்கலைக்கழகத்தின் 'இலியாக்' கணினியும் அவ்வகையினதே. அப்பல்கலைக்கழகத்திலேயே டேவிட் முலர் என்பவர் ஐம்பதுகளில் இத்தகைய சுற்றுகளுக்குக் கணித அடிப்படை அமைத்தார். அவர் பெயரால் வழங்கும் 'சீ' உறுப்பு இக்கலையின் அகரமாகும். இதற்கு இரு உள்ளீடுகள். இரண்டும் ஒன்றானால் வெளியீடு ஒன்றாகும். இரண்டும் பூச்சியமானால் வெளியீடு பூச்சியமாகும். உள்ளீடுகள் தம்முள் மாறுபடின் வெளியீடு முன்னிருந்த நிலையிலேயே நிற்கும். சாதாரண 'உம்'மைப் படலை ஒரு பக்கத்து இசைவு நீங்கியதும் விட்டுவிடும். 'சீ' உறுப்போ இரு பக்கமும் விலகும்வரை விடாது. இரு நிலைய அதிபரும் ஒத்தாலன்றித் திறவாததும், வில்லை மீளும்வரை பூட்டை விடாததுமான ரயரின் பொறிக்கு இது மிக நெருங்கிய உறவினது. முலர் ரயரை அறிந்திருந்தார் என்பதற்கில்லை. ஒரே இடர் ஒரே தீர்வைத் தந்தது என்பதே பொருந்தும்.

அறுபதுகளின் பின் மணிக்கூடே வென்றது. அவ்வெற்றிக்கு நேர்மையான காரணங்கள் இருந்தன. மணிக்கூடு உள்ள சுற்றில், துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையே கம்பிகளில் என்ன தடுமாற்றம் நேர்ந்தாலும் கவலையில்லை. அடுத்த துடிப்பு வருமுன் எல்லாம் அடங்கியிருந்தாற் போதும். மணிக்கூடற்ற சுற்றிலோ ஒரு கணத் தடுமாற்றமும் இசைவெனத் தவறாகக் கொள்ளப்படலாம். திரான்சிற்றர்கள் சிலவாய், பொறியியலாளர் நேரம் விலையுயர்ந்ததாய் இருந்த காலத்தில் இவ்வெளிமை பெரிதாக மதிக்கப்பட்டது. அதன் விலை பின்னரே தெரியவந்தது. 1992இல் வெளிவந்த 'அல்பா' நுண்செயலி செக்கனுக்கு 20 கோடி துடிப்புடன் ஓடிற்று. அது செலவிட்ட ஏறக்குறைய 30 உவாற்று வலுவில் ஐந்திலிரு பங்கு மணிக்கூட்டுத் துடிப்பைச் சில்லெங்கும் பரப்புவதற்கே சென்றது. ஒவ்வொரு துடிப்பிலும் கம்பியின் கொள்ளளவம் மின்னேற்றப்பட்டு இறக்கப்படுகின்றது. அங்கு வேலை நடந்ததா இல்லையா என்பதை மணிக்கூடு கேட்பதில்லை. வெள்ளவத்தை ஆலையின் தண்டு வெறுந் தறிக்கு மேற் சுழன்றதை இது ஒக்கும். மேலும், எல்லாப் படிகளும் மிக மந்தமான படியின் வேகத்துக்கே, அதுவும் மிக வெப்பமான நாளில் மிக மந்தமாக அமைந்த சில்லின் வேகத்துக்கே, ஓட வேண்டியதாயிற்று.

இந்நிலையிற்றான் ஐவன் சதர்லண்டின் ரூரிங் பரிசு உரை வந்தது. கணினி வரைவியலின் முன்னோடியாக அறுபதுகளிலேயே புகழ்பெற்ற அவர், 1989இல் வெளியான அவ்வுரைக்குத் தம் பழைய துறையை விடுத்து 'மைக்குரோபைப்லைன்' என்னும் பொருளை எடுத்துக்கொண்டார். ஒரு படிக்கு ஒரு 'சீ' உறுப்பு; முன்படி 'எடுத்துக்கொள்' என்று வேண்டும்; பின்படி 'எடுத்தேன்' என்று ஏற்பு அனுப்பும். தரவைத் தாங்கும் தாழ்ச் சுற்றுகள் இவ்விரு குறிகளுக்கும் இணங்கித் திறந்து மூடும். தரவு இல்லாதபொழுது எதுவும் அசைவதில்லை. அசையாத கம்பியில் துடிப்பின் செலவு இல்லை. அதே ஆண்டு கலிபோர்னியா தொழினுட்ப நிறுவகத்தில் அலேன் மாட்டினின் குழு மணிக்கூடற்ற முதலாவது நுண்செயலியைப் படைத்தது. அதனைக் குளிரூட்டியபொழுது எவரும் எதையும் சரிசெய்யாமலே அது விரைந்து ஓடிற்று.

சதர்லண்டின் குறிமுறை இரு கட்டத்ததாகும். கம்பியின் அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் அது ஒரு வேண்டுகையே. ஒரு கையளிப்புக்கு இரண்டே அசைவுகள். நாற்கட்ட முறையிலோ வேண்டுகை ஏறும், ஏற்பு ஏறும், வேண்டுகை இறங்கும், ஏற்பு இறங்கும். முதல் இரண்டே கருத்துடையன. பின் இரண்டும் பழைய நிலைக்கு மீள்வதற்கான சடங்கு மாத்திரமே. எனவே இரு கட்ட முறையே விரைவும் சிக்கனமும் உடையதாதல் வேண்டும் என்று எவரும் எண்ணுவர். மன்செஸ்ரர்ப் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீவ் பேர்பரின் குழுவும் அவ்வாறே எண்ணி, தொண்ணூறுகளின் முற்பகுதியில் 'அமுலெற்' என்னும் முதற் செயலியை இரு கட்ட முறையில் அமைத்தது. பேர்பர் இன்று கைத்தொலைபேசிகளிற் பரந்துள்ள 'ஆம்' செயலியின் மூல வடிவமைப்பாளருள் ஒருவர். அனுபவம் எதிர்பார்ப்பை மாற்றிற்று. ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒரே கருத்தாகக் கொள்ள வேண்டிய தாழ்ச் சுற்று பருத்தும் மந்தமாயும் அமைந்தது. கம்பியில் மிஞ்சியதைத் திரான்சிற்றர்கள் விழுங்கின. 1996இன் இரண்டாம் 'அமுலெற்' நாற்கட்ட முறைக்குத் திரும்பியது. வேலையில்லாதபோது அது முற்றாக அடங்கி, வேலை வந்த கணமே விழித்தெழ வல்லதாயிருந்தது.

நாற்கட்ட முறைக்கும் ஒரு குறை இருந்தது. அதனைப் பாதையின் மொழியிற் சொன்னால் எளிதில் விளங்கும். மிக எளிய நாற்கட்டக் கட்டுப்பாட்டுச் சுற்றில், முன்படி தன் சடங்கை முடித்துப் பழைய நிலைக்கு மீளப் பின்படி வெறுமையாக இருத்தல் வேண்டும். ஆகவே ஒன்றுவிட்டொரு படியே தரவைத் தாங்கலாம். ஒவ்வொரு வண்டிக்கும் முன்னே ஒரு பகுதி எப்போதும் வெறுமையாக இருக்கவேண்டும் என்று விதித்தாற் பாதையின் கொள்ளளவு பாதியாவதைப் போன்றது இது. பேர்பரும் டே என்பவரும் 1996இல் வெளியிட்ட ஆய்வு இம்முடிச்சையே அவிழ்த்தது. ஒரு படியின் முன்பக்க உரையாடலையும் பின்பக்க உரையாடலையும் ஒன்றோடொன்று பிணைக்காது சிறிது தளர்த்தினால், எல்லாப் படிகளையும் நிரப்பலாம் என்று அவர்கள் காட்டினர். முற்றாகத் தளர்த்தினால் ஒரு படியின் தாமதம் அயற்படியின் சடங்கைத் தடுப்பதும் நீங்கும். ஆயின் ஒவ்வொரு தளர்வுக்கும் மேலதிகப் படலைகள் வேண்டும். படலை ஒவ்வொன்றும் நேரத்தையும் வலுவையும் கேட்கும். எந்த அளவிற்குத் தளர்த்துவது என்பதே வடிவமைப்பாளனின் கலையாயிற்று.

தாழ் திறந்து காத்திருப்பதா, மூடிக் காத்திருப்பதா என்பது இன்னொரு தெரிவு. திறந்த தாழின் வழியே தரவு தடையின்றி விரையும். ஆனாற் கணிப்பு முடியுமுன் எழும் இடைத் தடுமாற்றங்களும் அடுத்த படிக்குள் ஓடி அங்கும் வலுவை வீணாக்கும். மூடிய தாழ் அவற்றைத் தடுக்கும். ஆனால் தரவு வந்து தட்டித் திறக்கச் செய்யும் நேரம் இழப்பாகும். விரைவும் சிக்கனமும் ஒரே திசையிற் செல்லும் என்று இத்துறையின் ஆதரவாளர் சிலர் எழுதுவதுண்டு. இவ்விடத்தில் அவை எதிர்த் திசைகளிற் செல்கின்றன.

இரு கட்ட முறை முற்றாக மறையவில்லை. 2001இற் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் மொன்டெக் சிங்கும் ஸ்ரீவன் நோவிக்கும் படிக்கு ஒரேயொரு எக்ஸ்-நோர்ப் படலையையும் சாதாரணத் தாழ்ச் சுற்றையும் கொண்டே அதனை அமைத்துக் காட்டினர். தாழ் திறந்தே காத்திருக்கும். தரவு உட்சென்றதும் சட்டென மூடிக்கொள்ளும். இதனாலேயே அதற்கு 'எலிப்பொறி' என்று பெயரிட்டனர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் சதர்லண்ட் விரும்பிய எளிமை இதிற் கைகூடிற்று எனலாம். அவரும் வாளாவிருக்கவில்லை. அதே ஆண்டில் அவரும் பெயர்பாங்சும் அறிவித்த 'காஸ்ப்' சுற்றில் அயற்படிகளுக்கு இடையே வேண்டுகைக்கும் ஏற்புக்கும் சேர்த்து ஒரே கம்பி. முன்படி அதனை ஒரு நிலைக்குத் தள்ளும். பின்படி தரவை எடுத்ததும் அதனை மறு நிலைக்கு மீட்கும். இதற்கு முன்னரே 1996இல் ஒல்லாந்தின் வான் பேர்க்கலும் பிங்கும் இக்கருத்தை 'ஒற்றைத் தடக் கைகுலுக்கல்' என்னும் பெயரில் முன்வைத்திருந்தனர். அனுப்புவோன் எடுத்த வில்லையைப் பெறுவோன் பொறியிலிட, பாதை மீண்டும் வெறுமையாகின்றது. மூன்றாவது செய்கை எதுவும் இல்லை. ஒற்றைப் பாதைக்கு ரயர் கண்ட தீர்வின் மிகத் தூய வடிவம் நூற்றிருபது ஆண்டுகளின் பின் சிலிக்கனில் அமைந்தது இவ்வாறே.

பயன் கண்கூடாயிற்றா? பிலிப்ஸ் நிறுவனத்தார் 80சீ51 என்னும் பரவலான நுண்கட்டுப்படுத்தியை மணிக்கூடின்றி அமைத்தபொழுது, 1998இல் அவர்கள் அறிவித்தவாறு, மணிக்கூடுள்ள வடிவத்தின் காற்பங்கு வலுவே அதற்குப் போதியதாயிருந்தது. அது பேஜர் கருவிகளிற் பயன்பட்டது. அதன் வழித்தோன்றல்கள் பின்னர் திறனட்டைகளிலும் புகுந்தன. இன்ரெல் நிறுவனத்தின் ஆய்வாளர் 1999இல் அறிவித்த 'ராபிட்' என்னும் கட்டளை நீளங்காணும் சுற்று, ஏறக்குறைய அதேயளவு இடத்தில் மணிக்கூடுள்ள சுற்றின் மும்மடங்கு வேலையை அரைப்பங்கு வலுவில் முடித்தது. ஆயினும் அது சோதனைச் சில்லாகவே நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்பதற்கு விடை சுற்றில் அன்று, சுற்றைச் சூழ்ந்த உலகில் உள்ளது. வடிவமைக்கும் மென்பொருள்கள், பல்கலைக்கழகப் பாடத்திட்டங்கள், சோதிக்கும் பொறிகள் யாவும் மணிக்கூட்டைச் சுற்றியே வளர்ந்துவிட்டன. இவற்றுட் சோதனை பற்றிய தடையே ஆழமானது. மணிக்கூட்டை நிறுத்தினாற் சில்லு முழுவதும் அக்கணத்திலேயே உறையும். ஒவ்வொரு படியினுள்ளும் உள்ளதை எடுத்துப் பார்க்கலாம். அயலாருடன் மட்டும் பேசும் படிகளை அவ்வாறு ஒருங்கே நிறுத்த இயலாது. ஒப்படைக்கப்பட்டதை மீள அழைக்கும் குறி அதில் இயல்பாக இல்லை.

இக்குறை புகையிரதப் பாதைக்கும் உண்டு என்பதை இலங்கை மிகக் கொடிய வகையில் அறிந்தது. 2004 திசெம்பர் 26ஆந் திகதி காலை கொழும்புக் கோட்டையிலிருந்து மாத்தறை நோக்கிப் புறப்பட்ட வண்டி, வெள்ளவத்தையைக் கடந்து அம்பலாங்கொடையை அடைந்தபொழுது, கடல் பொங்கிய செய்தி மருதானைக்கு எட்டியிருந்தது. அங்கிருந்து தொலைபேசியில் அழைத்தபொழுது நிலைய ஊழியர் வண்டியைக் கவனிக்க மேடைக்குச் சென்றிருந்தனர். தொலைபேசியை எடுத்தபொழுது வண்டி போய்விட்டிருந்தது. தெற்கேயுள்ள நிலையங்களை எட்ட முடியவில்லை. பெரலியவில் ஆயிரத்தைந்நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வண்டிக்கும் வண்டிக்கும் இடையிலான மோதலைத் தடுக்க நூறாண்டுக் காலமாகச் செப்பமுற்ற ஒழுங்கு அது. பகுதிக்குட் புகுந்துவிட்ட வண்டியை நிறுத்த அதனிடம் வழியிருக்கவில்லை. மணிக்கூடற்ற சுற்றுகளைப் போற்றுவோர் இதனை எண்ணாது விடுவது முறையன்று.

மணிக்கூடும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. 1996ஆம் ஆண்டு மின்வலுப் பற்றாக்குறை காரணமாக இலங்கையின் நேரம் மே 25ஆந் திகதி ஒரு மணித்தியாலம் முன்னோக்கி நகர்த்தப்பட்டது. ஒக்ரோபர் 26இல் அதில் அரை மணி குறைக்கப்பட்டது. 2006 ஏப்ரல் 15ஆந் திகதியே பழைய ஐந்தரை மணி மீண்டது. இப்பத்தாண்டுக் காலத்தில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் மாற்றத்தை ஏற்காது பழைய நேரத்திலேயே இருந்தன. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்த உறவினருக்கும் வன்னியில் வாழ்ந்தோருக்கும் இடையே தூரத்தோடு அரை மணி வேறுபாடும் சேர்ந்தது. ஒரு சிறு தீவு இரு மணிக்கூடுகளால் ஆளப்பட்டது. ஆயினும் கடிதமும் பொருளும் எல்லையைக் கடந்தன. கடந்தபொழுது கொடுப்போரும் பெறுவோரும் எதிரெதிர் நின்றனரேயன்றி, நேரத்தை ஒத்துக்கொண்டு கொடுக்கவில்லை.

சில்லு வடிவமைப்பிலும் இன்று பெரிதும் வழங்குவது இத்தகைய நடுவழியே. 1984இல் ஸ்ரன்போட் பல்கலைக்கழகத்தில் சபீரோ என்பவர் தம் ஆய்வேட்டிற் கூறியவாறு, சில்லின் ஒவ்வொரு வட்டாரமும் தனக்குரிய மணிக்கூட்டுடன் இயங்க, வட்டாரங்களுக்கு இடையே கைகுலுக்கல் நிகழும். எல்லையில் ஓர் இடர் உண்டு. ஒரு மணிக்கூட்டின் துடிப்பும் மறுபக்கத்துக் குறியும் ஏறக்குறைய ஒரே கணத்தில் வந்து சேர்ந்தால், எது முந்தியது என்று தீர்மானிக்கும் சுற்று ஆமென்றோ அன்றென்றோ சொல்லாது நடுவில் ஊசலாடக்கூடும். சேனியும் மொல்னரும் 1973இல் இதனைச் சோதனையால் நிறுவியபொழுது பலர் நம்ப மறுத்தனர். முற்றும் மணிக்கூடற்ற சுற்று தீர்மானம் முடியும்வரை பொறுத்திருக்கும், மணிக்கூடு பொறுப்பதில்லை. 2014இல் ஐ.பி.எம். வெளியிட்ட 'ட்ரூநோத்' சில்லில், 540 கோடித் திரான்சிற்றர்களும் பத்து இலட்சம் செயற்கை நரம்பணுக்களும் ஏறத்தாழ 70 மில்லி உவாற்றில் இயங்குவதற்கு மணிக்கூடற்ற கட்டுப்பாடு பெரிதும் உதவிற்று. அதன் வடிவமைப்பிற் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் ரஜித் மனோகரின் குழு பங்குபற்றியது. நரம்பணு வேலையற்று இருக்கும் நேரமே மிகுதியாதலால், வேலையில்லாவிடத்துச் செலவில்லை என்னும் பண்பு அங்கு முழுப் பயன் தந்தது.

சில்லு வார்க்கும் வசதி எட்டாத பல்கலைக்கழகங்களிலும் இத்துறையிற் செய்முறைப் பயிற்சிக்கு இடமுண்டு. ஆய்வுகூடங்களிற் கிடைக்கும் மீளமைக்கத்தக்க படலைச் சில்லுகள் மணிக்கூட்டை மனத்திற் கொண்டே ஆக்கப்பட்டவையாயினும், அவற்றின் அட்டவணை ஒன்றின் வெளியீட்டை அதன் உள்ளீட்டுக்கே திருப்பிவிட்டால் முலரின் 'சீ' உறுப்பு கிடைத்துவிடும். ஐந்தாறு படிகளைத் தொடுத்து, கடைசிப் படியின் ஏற்பைத் தடுத்துவைத்தாற் பின்னுள்ள படிகள் ஒவ்வொன்றாக நிரம்பி நிற்பதையும், தடையை நீக்க வெறுமை பின்னோக்கி ஓடுவதையும் விளக்குகளிற் காணலாம். வேண்டுகைக் குறி தரவை முந்திவிடாதிருக்கச் சேர்க்கும் தாமதத் தொடரை மட்டும் மென்பொருள் பயனற்றதென்று கருதி அகற்றிவிடும். அவ்விடத்தில் அதனைக் கையாற் குறித்து வைத்தல் வேண்டும்.